கல் நடுவதற்கு முன்னால் கேளுங்கள்: நெடுஞ்சாலை விரிவாக்கத்தில் நம் தெருவுக்கு என்ன உரிமை?

ரோட்டோர வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் சேர் போட்டு இரண்டு பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். போகிற வருகிற வண்டிகளை எண்ணித் தாளில் கோடு போடுவார்கள். லாரிக்கு ஒரு கட்டம், பஸ்ஸுக்கு ஒரு கட்டம், டூ வீலருக்கு ஒரு கட்டம். அவர்களைப் பார்த்தால் கண்டும் காணாமல் போய்விடாதீர்கள். உங்கள் ரோட்டில் மேம்பாலமோ நாலு வழிச் சாலையோ வரப் போகிறது என்பதற்குப் பெரும்பாலும் அதுதான் முதல் அடையாளம். அடுத்து முக்காலியில் சர்வே கருவி வரும். அப்புறம் சுவரில் பெயின்ட் குறி, கடைசியில் எல்லைக் கல். நாம் எல்லோரும் கல் வந்த பிறகுதான் கூடிப் பேசுகிறோம். அதற்குள் ரோட்டின் கோடு எந்தப் பக்கம் போகும் என்பது ஏறக்குறைய முடிவாகியிருக்கும்.

கோவை, திருப்பூர் பக்கம் ரோட்டுக்கு இடம் போனவர்களோடு பல அலுவலகப் படிகள் ஏறி இறங்கியிருக்கிறேன். நியாயம் இருந்தும் தோற்றவர்கள் பலர். தப்பான மனுவைத் தப்பான நேரத்தில் தப்பான மேஜையில் கொடுத்தது மட்டுமே அவர்கள் செய்த பிழை. அதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ரோடு யாருடையது என்று பாருங்கள்

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956ஆம் ஆண்டுச் சட்டம். நீலாம்பூரிலிருந்து மதுக்கரை போகும் பைபாஸ், சத்தி ரோடு எல்லாம் இதில் வரும். மாநில நெடுஞ்சாலைத் துறையின் வேலை என்றால் 2001ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம். அவினாசி ரோட்டில் 10.1 கி.மீ. மேம்பாலம் கட்டியது மாநிலத் துறைதான். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் மனு போக வேண்டிய இடம் வேறு, கெடு வேறு. அறிவிப்பில் ‘3ஏ’ என்ற பிரிவு இருந்தால் மத்தியச் சட்டம், ‘15(2)’ என்ற பிரிவு இருந்தால் மாநிலச் சட்டம். மாநிலச் சட்டத்தில் ஆட்சேபம் கேட்கும் 15(2) முதலில் வரும், நிலத்தை எடுக்கும் 15(1) பிறகு வரும். “15(1)தானே வந்திருக்கிறது, இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது” என்று நினைத்து உட்கார்ந்திருக்காதீர்கள். 15(1) வந்துவிட்டால் நிலம் அரசுடையது.

கருத்துக் கேட்புக் கூட்டம் வரும் என்று காத்திருக்காதீர்கள்

“எப்படியும் மக்கள்கிட்ட கேட்பாங்கல்லங்க, அப்ப பேசிக்கலாம்” என்று எல்லாத் தெருவிலும் ஒருவர் சொல்வார். கேட்க மாட்டார்கள். சுற்றுச்சூழல் சட்டப்படி கலெக்டர் தலைமையில் நடக்கும் பொதுக் கருத்துக் கேட்பு எல்லா ரோட்டுக்கும் கிடையாது. ஏற்கெனவே உள்ள தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்துவது 100 கி.மீ.க்கு மேல் போனால்தான், அதிலும் கூடுதலாக எடுக்கும் அகலம் ஒரு அளவைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சே வரும். ஊருக்குள் கட்டும் மேம்பாலம் அந்தக் கணக்கில் வராது. 2013ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தில் சமூகத் தாக்க ஆய்வு உண்டு. ஆனால் நெடுஞ்சாலைச் சட்டங்கள் இரண்டுக்கும் அதிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். 70 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதையும் நம்பாதீர்கள். அது நெடுஞ்சாலைக்குப் பொருந்தாது.

உலக வங்கி அல்லது ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் போடும் ரோடு என்றால் மட்டும் நிலைமை வேறு. அங்கே மக்கள் கலந்தாய்வு கடன் நிபந்தனையிலேயே இருக்கும். கடன் யாருடையது என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற ரோடுகளுக்குக் கூட்டத்தை நாமேதான் கூட்ட வேண்டும். மாநகராட்சி, நகராட்சிகளில் இப்போது பகுதி சபை இருக்கிறது, வார்டு குழு இருக்கிறது. ஊராட்சியில் கிராம சபை. வண்டி எண்ணும் கட்டத்திலேயே அங்கே ஒரு தீர்மானம் போட வையுங்கள். “மேம்பாலம் வேண்டாம்” என்று ஒற்றை வரியில் எழுதினால் அது கோப்புக்குள் தூங்கிவிடும். இறங்கும் சாய்தளம் பள்ளிக்கூட வாசலில் முடிகிறது, மீடியனை மூடினால் பால் சொசைட்டிக்குப் போக ஒன்றரை கி.மீ. சுற்ற வேண்டும், மழைத் தண்ணீர் இந்தப் பள்ளத்தில்தான் இறங்கும், எதிர்ப்பக்கம் புறம்போக்கு சும்மா கிடக்கிறது: இப்படி இடம், அளவு, போட்டோவோடு எழுதுங்கள். பொறியாளரால் பதில் சொல்லாமல் தாண்ட முடியாதது இந்த மாதிரி வரிகளைத்தான்.

வரைபடம் கேட்டால் “இன்னும் ஃபைனல் ஆகலீங்க” என்பார்கள். ஃபைனல் ஆனதும் “இனிமே மாத்த முடியாதுங்க” என்பார்கள். இந்த இரண்டு பதிலுக்கும் நடுவில் ஒரு நாள்கூட நமக்குக் கிடைக்காது. அதனால் வாயால் கேட்காமல் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மாநிலத் துறைக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், மத்தியத் துறைக்கு 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர். விரிவான திட்ட அறிக்கை, சாலையின் கோடு எங்கே போகிறது என்று காட்டும் வரைபடம் (அலைன்மென்ட் பிளான்), எடுக்கப்படும் நிலங்களின் அட்டவணை என்று மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். “எங்ககிட்ட இல்லை” என்று திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை இல்லை. இருக்கிற அலுவலகத்துக்கு 5 நாளில் மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை. 30 நாளில் பதில் வராவிட்டால் உடனே மேல்முறையீடு.

21 நாள்

தேசிய நெடுஞ்சாலையில் 3ஏ அறிவிப்பு அரசிதழில் வரும். அதன் சாரம் இரண்டு உள்ளூர்ப் பத்திரிகைகளில் வரும், ஒன்று தமிழ். ஆட்சேபம் சொல்ல அரசிதழில் வெளியான நாளிலிருந்து 21 நாள்தான். உங்கள் வீட்டுக்குத் தனியாகக் கடிதம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக எண்கள் இருக்கும். அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பத்திரத்தில் பழைய எஸ்.எஃப். நம்பர் (பழைய சர்வே எண்) இருக்கும். அறிவிப்பில் டவுன் சர்வே வார்டு, பிளாக், டி.எஸ். நம்பர் இருக்கும். “நம்ம நம்பர் இதுல இல்லையே” என்று நிம்மதியாகப் பேப்பரை மடித்து வைத்துவிடுவார்கள். இரண்டு எண்ணையும் இன்றைக்கே வாங்கி ஒரு தாளில் எழுதி வையுங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் அதையும் இப்போதே மாற்றுங்கள். பணம் வரும் நேரத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு அலைவது தனிக் கொடுமை.

அடுத்த பிழை மனுவில். இந்தக் கட்டத்தில் சட்டம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இந்த நிலத்தை இந்த வேலைக்கு எடுப்பதில் உங்களுக்கு என்ன ஆட்சேபம்? நம் ஆட்கள் “மார்க்கெட் விலை கொடுக்க வேண்டும்” என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவார்கள். விலை கேட்டதால் நிலம் எடுக்க ஆட்சேபம் இல்லை என்று குறித்து முடித்துவிடுவார்கள். விலைக்கு வேறு நேரம் இருக்கிறது. இப்போது கோட்டைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

நாற்பது பேர் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போடுவதும் வேண்டாம். ஒரு தெருவில் அப்படித்தான் செய்தார்கள். விசாரணைக்கு வரச் சொல்லும் கடிதம் முதல் கையெழுத்துக்காரருக்கு மட்டும் வந்தது. அவர் மகள் வீட்டுக்கு வெளியூர் போயிருந்தார். கடிதம் கேட்டுக்குள் கிடந்தது. நாற்பது பேரும் ‘ஆஜராகவில்லை’. அதில் தையல் கடை வைத்திருந்த அக்கா ஒருவர், மனுவின் ஜெராக்ஸை பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, “நாங்க கொடுத்தோம்ல, கொடுத்தோம்ல” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஜெராக்ஸில் அலுவலக சீல் இல்லை. “டேபிள்ல வெச்சுட்டுப் போங்க” என்று சொன்னார்களாம். வைத்துவிட்டு வந்துவிட்டார்கள்.

ஆளுக்கு ஒரு மனு. நகலில் சீலும் தேதியும். சீல் போட மறுத்தால் வாதாடி நேரம் போக்காமல் அதே நாளில் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனுவும், 1100க்குப் போன் போட்டுப் பதிந்த புகாரும் இதற்கு ஈடாகாது. அவை சுற்றிச் சுற்றிக் கடைசியில் அதே அலுவலகத்துக்குத்தான் வரும், அதற்குள் 21 நாள் ஓடியிருக்கும். நேரில் விசாரிக்கச் சட்டமே இடம் தருகிறது, வக்கீலும் வரலாம். அறிவிப்பில் சொன்ன அதிகாரி முன்னால்தான் அது நடக்க வேண்டும். மாநிலச் சட்டத்தில் கெடு எத்தனை நாள் என்பது நோட்டீஸிலேயே இருக்கும். கவரைப் பிரித்ததும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

3ஏக்கு அடுத்த அறிவிப்பு 3டி. அது வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுடையது, கோடு நகராது. 3ஏ வந்து ஒரு வருடத்துக்குள் 3டி வராவிட்டால் 3ஏ செல்லாமல் போகும். தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

விலை பேசும் நேரம்

இப்போது 3ஜி, அதாவது இழப்பீட்டை முடிவு செய்யும் பிரிவு. இதற்கும் பத்திரிகையில் அறிவிப்பு வரும், உரிமை கோர வேண்டும். வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். அருகில் மூன்று வருடத்தில் நடந்த விற்பனைகளில் விலை கூடிய பாதிப் பத்திரங்களின் சராசரி இன்னொரு பக்கம். இரண்டில் எது அதிகமோ அதுதான் அடிப்படை. அலுவலகம் வழிகாட்டி மதிப்பைப் போட்டுக் கணக்கை முடிக்கப் பார்க்கும். நல்ல விலைக்குப் போன பத்திரங்களின் நகலை நீங்கள்தான் எடுத்து நீட்ட வேண்டும். அதன் மேல் 100 சதவீதம் ஆறுதல் தொகை (கட்டாயமாக நிலம் எடுப்பதற்காகச் சேர்த்துத் தரும் பணம்), நிலத்தின் மதிப்பில் ஆண்டுக்கு 12 சதவீதம் கூடுதல். ஆறுதல் தொகை தேசிய நெடுஞ்சாலைக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2019லேயே சொல்லிவிட்டது. நிலத்தின் மதிப்பைப் பெருக்கும் எண் (பெருக்கல் காரணி) நகர்ப்புறத்துக்கு 1தான், கிராமப்புறத்துக்கு அதைவிடக் கூடும். உங்கள் இடம் அறிவிப்பு நாளில் ஊராட்சியில் இருந்ததா, மாநகராட்சியில் இருந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் கணக்கை ஒப்புக்கொள்ள வேண்டும்.

முன்பக்கம் எட்டடி மட்டும் போகிறது என்றால் எட்டடிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு வராதீர்கள். மீதி இடம் துண்டாகிப் போன நஷ்டம், வருமானம் குறைந்த நஷ்டம், கடையை மாற்றும் செலவு எல்லாம் 3ஜி(7)இல் இருக்கிறது. எழுதிக் கேட்டால்தான் வரும். போர்வெல், மோட்டார், காம்பவுண்டு, தென்னை என ஒன்று விடாமல் எழுதுங்கள்.

பேச்சுவார்த்தை விலை என்று அழைத்து அன்றைக்கே கையெழுத்துக் கேட்டால் ஒரு வாரம் டைம் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு அதிகம் கேட்கும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். 3ஜி தொகை குறைவென்றால் பணத்தை வாங்கும்போதே “ஆட்சேபத்துடன் பெறுகிறேன்” என்று எழுதுங்கள், பிறகு நடுவரிடம் போங்கள். நம் மாவட்டங்களில் நடுவர் பொதுவாகக் கலெக்டர்தான்.

வாடகைக்கு இருப்பவர்கள்

இவர்களைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். “ஓனர்கிட்ட கேளுங்க” என்று அலுவலகத்திலேயே சொல்லி அனுப்பிவிடுவார்கள். அது தவறு. நகரத்தில் நிலம் எடுப்பதற்கு முன் மூன்று வருடம் அங்கே குடியிருந்தவரும், முக்கியமான பிழைப்பை அங்கே நடத்தியவரும் 2013 சட்டப்படி பாதிக்கப்பட்ட குடும்பம்தான். அந்தச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் சிறு வியாபாரிக்கு ஒருமுறை உதவியாகக் குறைந்தது 25,000 ரூபாய் உண்டு. இடம்பெயரும் குடும்பத்துக்குப் பொருள் கொண்டுபோக 50,000, மறுகுடியமர்வுப் படி 50,000, ஒரு வருடம் மாதம் 3,000 என்று இருக்கிறது. இந்த அட்டவணை தேசிய நெடுஞ்சாலைக்கும் பொருந்தும்.

மூன்று வருடம் இருந்ததை நிரூபிப்பதில்தான் எல்லாம் நிற்கிறது. வாடகை கையில் கொடுத்து வாங்கிய பழக்கம், ஒப்பந்தம் கிடையாது, கரண்ட் பில் ஓனர் பெயரில். அந்தத் தையல் கடை அக்கா 11 வருடம் அங்கே இருந்தவர். காட்ட ஒரு தாள் இல்லை. கடை லைசென்ஸ், கேஸ் புக், சங்கத்து ரசீது, ஜிபேயில் வாடகை அனுப்பிய விவரம், எது இருந்தாலும் இப்போதே எடுத்து வையுங்கள். இனிமேல் வாடகையை வங்கி வழியாகவே கொடுங்கள்.

தள்ளுவண்டி, பழக்கடை, இளநீர்க் கடைக்காரர்களுக்கு 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. 30 நாள் நோட்டீஸ் இல்லாமல் அப்புறப்படுத்தக் கூடாது. விற்பனைச் சான்றிதழ் கையில் இருந்தால் இதைச் சொல்லி நிற்பது சுலபம். இல்லாவிட்டால் மாநகராட்சியில் இன்றே விண்ணப்பியுங்கள்.

கட்டடத்தை அளக்க வரும் நாளில் வீட்டில் ஆள் இருங்கள். அவர்கள் டேப் பிடிக்கும்போது நீங்களும் ஒரு டேப் பிடியுங்கள். அறை அறையாக போன் வீடியோ எடுங்கள், மாடியையும் கழிப்பறையையும் விடாமல். அளவுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் எண்களைப் படித்துப் பார்த்து, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, அப்புறம் போடுங்கள். கட்டம் காலியாக இருந்தால் போடாதீர்கள்.