ஜூலைல காய்ஞ்சு கிடக்கற கல்லு சுவரை நம்பி சிமெண்ட் பூசாதீங்க

மே மாசம் வந்தா போதும், பாரிஸ் பக்கத்துலேர்ந்து நம்மாளுங்க போன் வர ஆரம்பிச்சிரும். பிரான்ஸ் நடுவுல இருக்கற க்ரூஸ் மாவட்டத்துல சல்லிசா ஒரு பழைய கல்லு வீடு வாங்கிட்டோம், ஜூலை ஆகஸ்ட் லீவுல குடும்பத்தோட போய் நாங்களே பூசி பெயிண்ட் அடிச்சு முடிச்சிரலாம்னு இருக்கோம், எத்தனை மூட்டை சிமெண்ட் இறக்கணும்ண்ணேன்னு கேப்பாங்க. ஒரு மூட்டை கூட இறக்காதீங்கன்னுதான் நான் எல்லாருக்கும் சொல்றது. போன்ல முழுசா விளக்க முடியல, அதான் எழுதறேன்.

நான் க்ரூஸும் சேர்ந்த லிமூசின் பக்கம் பழைய வீடுகள புதுப்பிக்கற வேலை பாக்கற மேஸ்திரி. க்ரூஸ் கொத்தனாருங்க ஊரு, இங்கேர்ந்து ஒரு காலத்துல ஆளுங்க கூட்டம் கூட்டமா பாரிசுக்கு நடந்தே போய் கட்டட வேலை பாத்தாங்க. மார்த்தன் நதோன்னு ஒருத்தர் 1830ல பதினாலு வயசுல அப்பா கூட நடந்து போனவரு, கொத்தனாரா இருந்து 1849ல நாடாளுமன்ற உறுப்பினராவே ஆயிட்டாரு. அப்படிப்பட்ட ஊர்ல கட்டின சுவரை தொடறதுக்கு முன்னாடி அவங்க எப்படி கட்டினாங்கன்னு தெரிஞ்சிக்கணும்ல.

சுவர் 50, 60 சென்டிமீட்டர் தடிமன் இருக்கும், ஆனா ஒரே கல்லு கிடையாது. வெளிப்பக்கம் ஒரு வரிசை உள்பக்கம் ஒரு வரிசை, நடுவுல பொடிக்கல்லும் மண்ணும் போட்டு ரொப்பியிருப்பாங்க. க்ரூஸ்ல எல்லாம் கருங்கல்லு பூமி, சுண்ணாம்புக்கல் கிடையாது, வெளியூர்லேர்ந்து வரணும், விலை ஜாஸ்தி, அதனால சாதாரண குடியானவங்க வீட்டுல கட்டுச்சாந்தே வெறும் மண்ணுதான், மேல்பூச்சுல மட்டும் கொஞ்சம் சுண்ணாம்பு. அடில ஓதம் தடுக்கற பட்டையும் கிடையாது. விளக்குத் திரி எண்ணெய இழுக்கற மாதிரி பூமில இருக்கற ஈரத்தை அந்த மண்ணு மேல இழுத்துக்கிட்டேதான் இருக்கும். கருங்கல்லு தண்ணி அதிகம் குடிக்காது, ஏறின ஈரம் வெளிய போறது கல்லுக்கு கல்லு நடுவுல இருக்கற இடுக்கு வழியாதான். அந்த இடுக்கை அடைச்சிட்டா ஈரம் எங்க போகும்? மேலதான் ஏறும், இல்லன்னா உள்பக்கமா வரும்.

சிமெண்ட் பூச்சு செய்யறது அதைத்தான். 1950க்கு அப்புறம் நிறைய வீட்டுல சுத்தமா இருக்கும்னு நினைச்சு பூசிட்டாங்க, இப்ப அதையெல்லாம் கொத்தி எடுக்கறதே எங்க வேலைல பாதி.

இதுல கோடைக்காலம் நம்மள நல்லா ஏமாத்தும். ஜூலைல போய் சுவரை தொட்டா சூடா இருக்கும், ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கும், ஈர வாசனையே வராது. அட பரவால்லயேன்னு நினைச்சு உள்பக்கம் பாலிஸ்டைரீன், அதான் தெர்மோகோல், ஒட்டி பிளாக்கோங்கற ஜிப்சம் அட்டை அடிச்சு, வெளிப்பக்கம் சிமெண்ட் பூசி, தரைல பிளாஸ்டிக் விரிச்சு கான்கிரீட் போட்டுட்டு செப்டம்பர்ல ஸ்கூல் திறக்கறதுக்குள்ள கிளம்பிடுவாங்க. தரைல கான்கிரீட் போட்டா அடில இருக்கற ஈரம் நேரா சுவருக்குதான் ஓடும். நவம்பர் மழைல ஆரம்பிக்கும் பாருங்க, சுவர் அடில உப்பு பூக்கும், அலமாரி பின்னாடி கருப்பு பூஞ்சை.

க்ரூஸ்லயே ஓபுஸ்ஸோன்னு ஒரு டவுன், அது பக்கத்துல ஒரு வீடு, இதே மாதிரி ஒரே கோடைல முடிச்சது. ரெண்டாவது குளிர்காலம் மாடித் தரை ஒரு மூலைல இறங்குதுன்னு கூப்பிட்டாங்க. அட்டைய பிரிச்சு பாத்தா ஓக் விட்டத்தோட முனை, சுவருக்குள்ள சொருகியிருக்கும் பாருங்க அந்த இடம், கையால கிள்ளினா உதிருது. மெரூல்னு இங்க சொல்ற பூஞ்சை. ஈரமும் இருட்டும் காத்து இல்லாத இடமும் கிடைச்சா போதும் அதுக்கு, மரத்தை தின்னுட்டு சுவருக்குள்ளயே நூல் விட்டு அடுத்த விட்டத்துக்கு போயிடும். 2014 சட்டப்படி மெரூல் இருக்குன்னு தெரிஞ்சா வீட்டுல குடியிருக்கறவங்க மேரில, அதான் ஊர் நகராட்சி ஆபீஸ்ல, எழுதிக் கொடுத்தே ஆகணும். நூறு வருஷத்துக்கு மேல தாங்கின மரம் அது, எனக்கு பாக்கவே வயிறு எரிஞ்சுது.

அப்ப என்னதான் செய்யறது? முதல்ல வெளில பாருங்க. கூரைத் தண்ணி இறங்கற குழாய் உடைஞ்சிருக்கா, வெளிப்பக்கம் மண்ணு மட்டம் உள் தரைய விட உசந்து போயிருக்கா, சுவரை ஒட்டி யாராவது கான்கிரீட் பட்டை போட்டிருக்காங்களா. இதை சரி பண்ணினாலே பாதி ஈரம் குறைஞ்சிரும், செலவும் கம்மி. ஆனா சுவரை ஒட்டியே ஆழமா பள்ளம் தோண்டிடாதீங்க, இந்த சுவருக்கு அஸ்திவாரம்னு பெருசா ஒண்ணும் இருக்காது.

அப்புறம் சிமெண்ட்டை மெதுவா எடுத்துட்டு சுவரை விட்டுடுங்க. முடிஞ்சா ஒரு குளிர்காலம் அப்படியே விட்டு, மழைல வந்து எங்க ஈரம் வருதுன்னு பாருங்க. பூச்சுக்கு சுண்ணாம்பும் மணலும்தான், மூட்டைல என்எச்எல்னு (NHL) போட்டிருக்கற, தண்ணி பட்டா இறுகற இயற்கை சுண்ணாம்பு, அதுல 2ஆம் நம்பர் இல்லன்னா 3.5 போதும், மண்ணு சாந்து சுவருக்கு அதுக்கு மேல கெட்டியானது வேணாம். பாண்டிச்சேரி பழைய வீடுகள்ல சுண்ணாம்பு வேலை பாத்தவங்களுக்கு இதோட பொறுமை தெரியும். பூசறதுக்கு முந்தின நாளே சுவரை நனைக்கணும், 30 டிகிரிக்கு மேல போச்சுன்னா பூசவே கூடாது, வெயில் படற பக்கம் தார்ப்பாய் கட்டி நிழல் பண்ணி ரெண்டு மூணு நாள் தண்ணி தெளிக்கணும், இல்லன்னா சாந்து வேகமா காய்ஞ்சு பொடியா உதிரும். பனி விழறதுக்கு முன்னாடியும் முடிச்சிரணும். குளிருக்கு ஏதாவது பண்ணணும்னா சுண்ணாம்பும் சணல் தக்கையும் கலந்த பூச்சு, இல்ல மரநார் பலகை, ரெண்டுமே ஈரத்தை கடத்தி விடும். சுண்ணாம்பு கலக்கும்போது கண்ணாடியும் கையுறையும் போடாம இருக்காதீங்க, கண்ணுல பட்டா சாதாரண எரிச்சலோட போகாது.

பேப்பர் வேலைய கோடைக்கு தள்ளாதீங்க. வெளித்தோற்றம் மாறுதுன்னா மேரில முன்கூட்டியே எழுதிக் கொடுக்கணும், சாதாரணமா ஒரு மாசம், பக்கத்துல பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் இருந்தா இன்னும் ஒரு மாசம். ஆகஸ்ட்ல பாதி கடை, கம்பெனி மூடிக் கிடக்கும். வேலைக்கு ஆள் வெச்சா, அவங்க வேலைக்கு பத்து வருஷம் பொறுப்பு ஏத்துக்கற இன்சூரன்ஸ் பேப்பர கேட்டு வாங்கிட்டு அட்வான்ஸ் கொடுங்க.

இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம். 1949க்கு முன்னாடி கட்டின வீடுன்னா விக்கறவரு ஈயம் பத்தின ரிப்போர்ட் கொடுக்கணும், 1997 ஜூலைக்கு முன்னாடி பர்மிட் வாங்கினதுன்னா ஆஸ்பெஸ்டாஸ் ரிப்போர்ட். நோட்டேர், அதான் வீட்டுப் பத்திரம் எழுதற அதிகாரி, கொடுக்கற பேப்பர் கட்டுல இதெல்லாம் இருக்கும், ஆனா நிறைய பேர் பிரிச்சே பாக்கறதில்ல. பழைய ஜன்னல், கதவு பெயிண்ட்ல ஈயம்னு போட்டிருந்தா சாண்ட்பேப்பரோ மெஷினோ வெச்சு தேய்க்காதீங்க, அந்தப் பொடி தரைல படியும், சின்னப் பசங்க கைய வாய்ல வெப்பாங்க, அது மூளை வளர்ச்சியையே பாதிக்கும். கொட்டகை மேல இருக்கற பழைய ஷீட்ல ஆஸ்பெஸ்டாஸ்னு இருந்தா உடைக்காதீங்க, துளை போடாதீங்க, அதுக்குன்னு சர்டிபிகேட் வெச்சிருக்கற கம்பெனிய கூப்பிடுங்க. லீவுல பசங்களும் உதவி பண்ணட்டும்னு ஆசை இருக்கும், புரியுது. அவங்கள தோட்டத்துல விடுங்க, அந்த ரிப்போர்ட் படிச்சு முடிக்கற வரைக்கும் வீட்டுக்குள்ள ஒரு சுத்தியல் கூட எடுக்காதீங்க.