அகலாங்கு, நெட்டாங்கு

பினாங்கில் கொம்தார் கோபுரத்தைக் கைப்பேசி வரைபடத்தில் அழுத்திப் பிடித்தால் 5.41, 100.33 என்று இரண்டு எண்கள் வரும். முதலாவது அகலாங்கு, நிலநடுக்கோட்டிலிருந்து எத்தனை பாகை வடக்கே என்பது. அடுத்தது நெட்டாங்கு, லண்டனின் கிரீன்விச்சிலிருந்து எத்தனை பாகை கிழக்கே என்பது. இங்கே இடம் மாற்றி எழுதினால் உடனே மாட்டிக்கொள்வோம்: முதல் எண் 90-ஐத் தாண்டவே முடியாது.

மலாய்ப் பாடநூலின் லாத்திதுட், லோங்கிதுட் இரண்டும் ஆங்கிலம் வழி வந்த லத்தீன் சொற்கள். பொருள் அகலம், நீளம். பழைய கிரேக்க, ரோமானியர் அறிந்த உலகம் கிழக்கு மேற்காக நீண்டும் வடக்கு தெற்காகக் குறுகியும் இருந்ததால் அந்தப் பெயர்கள்.

தமிழில் நாம் அதிகம் கேட்பது அட்சரேகை, தீர்க்கரேகை. தீர்க்கம் என்றால் நீளம், சரி. அட்சம் என்றால் அச்சு. பூமியின் அச்சு நீளும் திசையில்தான் துருவ நட்சத்திரம் நிற்கிறது. அது அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரமோ, ஏறக்குறைய அத்தனை பாகைதான் நம் ஊரின் அட்சம். பினாங்கில் அது சுமார் 5 பாகை. கையை நீட்டிப் பிடித்தால் மூன்று விரல் அகலம். அடிவான மங்கலில் கண்ணுக்குப் படுவது அபூர்வம்.

ரேகை என்ற பின்னொட்டுதான் எனக்கு ஒட்டவில்லை. 5.41 என்பது கோடு அல்ல, கோண அளவு. சோதிடர்கள் சொல்லும் அட்சாம்சம் இதைவிடத் துல்லியம். தனித்தமிழில் அளவுக்கு அகலாங்கு, நெட்டாங்கு. வரைபடத்தில் ஓடும் கோட்டுக்கு அகலக்கோடு, நெடுங்கோடு என்று பிரித்து எழுதுவதே என் தேர்வு. உட்பிரிவுக்குப் பஞ்சாங்கத்திலேயே சொல் இருக்கிறது: 60 விகலை ஒரு கலை, 60 கலை ஒரு பாகை. ஒரு கலை அகலாங்கு தரையில் ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்.

நெட்டாங்கு நேரத்தோடும் பிணைந்தது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். மலேசியக் கடிகாரம் 120 பாகை கிழக்கின் நேரத்தைக் காட்டுகிறது, பினாங்கோ 100-இல் இருக்கிறது. அதனால் இங்கே உச்சிவெயில் பகல் 1.20-ஐ ஒட்டித்தான். தீபகற்பத்தில் 1982 பிறக்கும் வரை கடிகாரம் இப்போதையதைவிட அரை மணி பின்தங்கி ஓடியது. ஆகவே 1970-களில் பினாங்கில் பிறந்தவருக்கு ஜாதகம் கணிக்கும்போது நெட்டாங்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது, அந்த அரை மணியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விட்டால் லக்னம் ஏறத்தாழ ஏழு பாகை நகர்ந்து, சிலருக்கு லக்ன ராசியே மாறிவிடும்.