கிராண்ட் கேன்யனில் இறங்கும் முன்: உப்பும் எடுத்துக்கொள்ளுங்கள்

அரிசோனாவில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பள்ளி விடுமுறை தொடங்கியதும், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை கிராண்ட் கேன்யனுக்கு அழைத்துப்போகும் நண்பர்களிடமிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "எவ்வளவு தண்ணி எடுத்துட்டுப் போகணும் டாக்டர்?" என்பார்கள். உப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பு கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். ஜூன் மாத விடியலில்கூட அங்கே ஸ்வெட்டர் வேண்டும். கொலராடோ ஆறு அதற்கு 1,300 மீட்டருக்கும் மேல் கீழே ஓடுகிறது. இறங்க இறங்கச் சூடு ஏறும். கோடையில் அடிப்பகுதியில் நிழலிலேயே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். மலையேறுபவர் களைத்தால் இறங்கி வந்துவிடலாம். இங்கே தெம்பு இருக்கும்போது இறக்கம், கால் ஓய்ந்தபின் உச்சி வெயிலில் ஏற்றம். இறங்க ஒரு மணி நேரம் ஆனால் ஏற இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரே நாளில் ஆறுவரை போய்த் திரும்ப முயல வேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறது. அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துவிட்டு இறங்குபவர்களும் உண்டு!

வறண்ட காற்றில் வியர்வை உடனே ஆவியாகிவிடும். சட்டை நனையாததால் வியர்க்கவே இல்லை என்று நினைப்போம். மாலையில் பார்த்தால் துணியில் வெள்ளைத் திட்டுகள். போனது தண்ணீரோடு உப்பும்தான். சாப்பிடாமல், மணிக்கணக்கில் வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்துக்கொண்டே நடந்தால் உப்பிலுள்ள சோடியம் ரத்தத்தில் குறையும். தலைவலி, குமட்டல், வாந்தி என்று தொடங்கி, முற்றினால் மனக்குழப்பம், வலிப்புவரை போகும். வெயில் களைப்பும் இப்படித்தான் ஆரம்பிக்கும் என்பதால், கூட இருப்பவர்கள் பாசத்தோடு இன்னொரு பாட்டில் தண்ணீர் கொடுப்பார்கள். அது நிலைமையை இன்னும் மோசமாக்கும். இரண்டில் எது என்று ரத்தப் பரிசோதனையில்தான் உறுதியாகத் தெரியும். ஆனால் ஒருவர் ஏராளமாகக் குடித்திருக்கிறார், ஒன்றும் சாப்பிடவில்லை, அடிக்கடி சிறுநீர் போகிறார், குமட்டுகிறது என்றால் சோடியத்தைச் சந்தேகியுங்கள். வெறும் தண்ணீரை நிறுத்தி, நிழலில் உட்காரவைத்து, உப்புள்ள தின்பண்டம் கொடுங்கள். பேச்சு குழறினால் வாய்வழியாக எதுவும் வேண்டாம், உதவி தேடுங்கள். பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் செல்போன் வேலை செய்யாது.

தாகத்துக்குக் குடியுங்கள், குடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொறியுங்கள். உப்புக்கடலை, முறுக்கு, சிப்ஸ் எதுவானாலும் சரி.

பெற்றோர் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்திருப்பார்கள். அதற்குச் சாப்பிடும் மாத்திரையிலேயே ஹைட்ரோகுளோரோதயாசைடு என்ற நீர் பிரியும் மருந்தும் கலந்திருக்கலாம். மாத்திரைப் பெயர் 'எச்' என்று முடிந்தால் அட்டையில் சேர்மானத்தைப் படித்துப் பாருங்கள். இது தானாகவே சோடியத்தைக் குறைக்கக்கூடியது. முழங்கால் வலிக்கு இபுப்ரோஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் சிரமம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்; கிளம்பும் முன் அவர்களுடைய மருத்துவரிடம் கேளுங்கள். என்னைக் கேட்டால் அவர்களுக்கு விளிம்பையொட்டிய ரிம் டிரெயில் போதும். பெரும்பாலும் சமதளம், இலவசப் பேருந்தும் உண்டு. காட்சியில் ஒரு குறையும் இல்லை.

ஒருவர் உடல் கொதித்து, தடுமாறி, சம்பந்தமில்லாமல் பேசினால் அது வெப்பத்தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்). வியர்வை இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், நடந்து களைத்தவருக்கு வியர்த்துக்கொண்டும் இருக்கலாம். பாரசிட்டமால் இதற்குக் கேட்காது. உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி, விடாமல் விசிறுங்கள். ஒருவர் விசிறட்டும், இன்னொருவர் பூங்காக் காவலரான ரேஞ்சரைத் தேடி ஓடட்டும்.

இறங்கியே தீருவேன் என்பவர்களுக்கு: சவுத் கைபாப் பாதையில் தண்ணீரே கிடையாது, நிழலும் சொற்பம். பிரைட் ஏஞ்சல் பாதையில் 2.4 கிலோமீட்டரில் ஓர் ஓய்விடம் இருக்கிறது, கோடையில் குழாயும் உண்டு. குழாய் உடைப்பு அங்கே அடிக்கடி நடப்பதால் அன்றைய நிலவரத்தை விசாரித்துவிட்டு இறங்குங்கள். அந்த ஓய்விடத்தோடு திரும்பி, காலை 10 மணிக்குள் மேலே வந்துவிடுங்கள்.