பதவிப் படிகளும் இதய நோயும்

பட்டினியும் அசுத்தமான குடிநீரும் எட்டாத மருத்துவமும் ஏழைகளின் ஆயுளைக் குறைக்கின்றன என்பதை நாம் அறிவோம். ஆனால் வயிற்றுப்பாட்டுக்குக் குறைவில்லாத, மாதச் சம்பளம் தவறாமல் வாங்குகிற மனிதர்களிடையேகூட, ஒரு படி மேலே இருப்பவரைவிடக் கீழே இருப்பவர் அதிகம் நோயுறுவது ஏன்?

இக்கேள்வியைத் தவிர்க்க முடியாததாக்கியது, பிரிட்டனில் 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு. லண்டனில் பணியாற்றிய சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் கண்காணித்ததில், கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்த விகிதம் உயரதிகாரிகளுடையதைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. அதைவிட முக்கியமாக, இரண்டாம் நிலை அதிகாரிகளின் நிலைகூட முதல் நிலையினரைவிட மோசமாகவே இருந்தது. புகைபிடித்தல், இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வேறுபாட்டின் பெரும்பகுதி எஞ்சி நின்றது.

உடலுக்குள் நிகழ்வதைப் பார்த்தால் காரணம் ஓரளவு புலப்படும். ஆபத்தை உணர்ந்ததும் மூளையின் ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அது அட்ரினல் சுரப்பிகளைத் தூண்டிக் கார்டிசோல் என்னும் ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. அட்ரினலினும் சேர்ந்துகொள்ள, இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, செரிமானம் போன்ற அவசரமில்லாத வேலைகள் ஒத்திவைக்கப்படுகின்றன. சில நிமிடங்களில் தீர்ந்துவிடும் ஆபத்துக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் வாடகை, கடன், எந்நேரமும் பறிபோகக்கூடிய வேலை, மேலதிகாரியின் அவமதிப்பு ஆகியவை நிமிடங்களில் தீர்வதில்லை. மாதக்கணக்கில் நீடிக்கும் இந்த விழிப்புநிலையில் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது, இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்குவதில்லை, இரத்தக் குழாய்ச் சுவர்களில் மெல்லிய அழற்சி நிலைத்துவிடுகிறது.

1985இல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாம் வைட்ஹால் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: தன் வேலையை எப்படி, எந்த வேகத்தில் செய்வது என்று தானே முடிவெடுக்க வாய்ப்பில்லாதவர்களுக்கு இதய நோய் வரும் அபாயம் அதிகம். எனவே, வேலைப்பளு மிகுந்த உயரதிகாரிதான் மாரடைப்புக்கு ஆளாவார் என்ற பரவலான நம்பிக்கை தவறானது. தன் பொழுதின் மீதே அதிகாரமற்றவரிடம் போய் நடைப்பயிற்சி செய்யுங்கள், கவலையை விடுங்கள் என்று அறிவுரை மட்டும் சொல்வது நியாயமாகாது என்பதே என் கருத்து.

இந்தப் பாதிப்பு பிறப்புக்கு முன்பே தொடங்கக்கூடும். குறைந்த எடையுடன் பிறந்தவர்களுக்கு நடுவயதில் இதய நோயும் நீரிழிவும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. எடைகுறைந்த குழந்தைகள் வசதி குறைந்த குடும்பங்களில்தான் அதிகம் பிறக்கின்றன. உடல்நலத்தைத் தீர்மானிக்கும் சமூகக் காரணிகளை ஆராய உலக சுகாதார நிறுவனம் அமைத்த ஆணையம் 2008இல் அளித்த அறிக்கையில், மருத்துவமனைகளோடு நில்லாமல், குழந்தைப்பருவச் சூழல், வேலை நிலைமைகள், அதிகாரமும் பணமும் பங்கிடப்படும் விதம் ஆகியவற்றையும் மாற்றுமாறு அரசுகளைக் கேட்டுக்கொண்டது.