ரேடியோமிக்ஸ்: படிமப் பண்பளவியல்

புற்றுநோய்க் கட்டியின் சி.டி., எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன் படங்களைக் கண்ணால் பார்த்துச் சொல்வதோடு நில்லாமல், கணினியின் துணையால் அவற்றிலிருந்து நூற்றுக்கணக்கான அளவுகளைப் பிரித்தெடுத்து, நோய் எப்படிப் போகும், எந்தச் சிகிச்சைக்கு இணங்கும் என்று முன்கணிக்க முயலும் துறையே ரேடியோமிக்ஸ்.

இருவரின் நுரையீரலில் 3 செ.மீ. கட்டி இருப்பதாகக் கொள்வோம். அளவுகோலுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒன்று படத்தில் சீரான சாம்பல் நிறமாக இருக்க, மற்றதன் நடுவே திசு இறந்து கருத்திருக்கிறது. ஓரமும் முள்முள்ளாக நீள்கிறது. சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளியும், நீருக்கு 0, காற்றுக்கு −1000 எனக் கொள்ளும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவையில் ஓர் எண் என்பதால், இந்த வேறுபாட்டையும் எண்ணாகவே எழுதிவிடலாம். அடுத்தடுத்த புள்ளிகள் எந்த அளவுக்கு ஒத்திருக்கின்றன என்பதிலிருந்து படத்தின் இழையமைப்பை அளக்கும் கணக்கை ஹாராலிக் குழுவினர் 1973-இலேயே வகுத்துவிட்டனர்.

ரேடியோமிக்ஸ் என்னும் பெயரின் முன்பகுதிக்கு மூலமான 'ரேடியஸ்' என்னும் இலத்தீன் சொல் சக்கரத்தின் ஆரக்காலையும் ஒளிக்கதிரையும் குறிக்கும். நாம் ஆரம் என்றும் கதிர் என்றும் பிரித்து வழங்குவதை அம்மொழி ஒரே சொல்லில் அடக்கியது. 'ஓமிக்ஸ்' என்னும் பின்பகுதி, 1920-இல் தாவரவியலாளர் ஹான்ஸ் விங்க்ளர் உருவாக்கிய 'ஜீனோம்' (மரபணுத் தொகுதி) என்னும் சொல் வழியாக வந்தது. ஒரு தொகுதி முழுவதையும் ஒருசேர ஆராய்வது என்பது அதன் கருத்து. பிலிப் லாம்பன் குழுவினரின் 2012-ஆம் ஆண்டுக் கட்டுரை 'ரேடியோமிக்ஸ்' என்னும் சொல்லைப் பரவலாக்கியது.

தமிழில் 'கதிரியக்கவியல்' என்பது பொருந்தாது. கதிரியக்கம் அணுக்கருச் சிதைவைச் சார்ந்தது. எம்.ஆர்.ஐ. படத்துக்கு எக்ஸ் கதிரே தேவையில்லை என்பதால், கதிரை விட்டுப் படிமத்தைப் பற்றுவதே முறை. 'படிமக் கூற்றியல்' என்று முதலில் எண்ணினேன். ஆனால் கூற்று என்பது எமனுக்கும் பெயர். உயிருக்குப் போராடுபவரின் மருத்துவக் குறிப்பில் அச்சொல் நிற்க என் மனம் ஒப்பவில்லை. ஆகவே 'படிமப் பண்பளவியல்' என்பதையே பரிந்துரைக்கிறேன்.

படத்திலிருந்து பிரித்தெடுக்கும் ஒவ்வோர் அளவையும் குறிக்கும் 'ஃபீச்சர்' என்பதைப் பண்பளவு எனலாம். 'சிக்னேச்சர்' என்பதைக் கையொப்பம் என்று பெயர்ப்பது பிழை. முன்கணிப்புக்காகத் தேர்ந்தெடுத்த பண்பளவுகளின் சேர்க்கையாதலால் அது பண்பளவுத் தொகுப்பு. 2014-இல் 1,019 நோயாளிகளின் படங்களிலிருந்து 440 பண்பளவுகளை ஆராய்ந்து வெளியிடப்பட்ட புகழ்பெற்ற தொகுப்பு, பெரும்பாலும் கட்டியின் கனஅளவையே வேறு வடிவில் சொல்கிறது என்று 2019-இல் மறுஆய்வு ஒன்று காட்டியது. கனஅளவுக்கு மேலாக எதையும் சொல்லாத எண்ணைப் பண்பளவு என்று அழைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.