டானாவ் லிண்டுங் – காப்பேரி

மீன்பிடிப்புக்கு ஊராரே தடை போட்டுக் காத்துவரும் ஏரிக்கு இந்தோனேசிய மொழியில் டானாவ் லிண்டுங் என்று பெயர். போர்னியோத் தீவின் இந்தோனேசியப் பகுதியிலுள்ள மேற்குக் கலிமந்தான் மாநிலத்தின் கப்புவாஸ் ஹுலு மாவட்டத்தில் இது அன்றாடச் சொல். இபான் முதலான டயாக் பழங்குடி மக்களும் மலாய் மீனவர்களும் வாழும் பகுதி அது. 1999-இல் தேசியப் பூங்காவான செண்டாரும் ஏரித்தொகுதி (1,32,000 ஹெக்டேர்) அங்கேதான் இருக்கிறது.

'டானாவ்' என்றால் ஏரி. ஆஸ்திரோனேசிய மொழிகளில் பழைய சொல் இது. ஜாவாவின் 'ரானு', பிலிப்பைன்ஸின் 'மிண்டனாவ்', 'லனாவ்' எல்லாம் இதன் உறவுகள். மலேசியத் தமிழர் அறிந்த 'தாசேக்'கும் ஏரிதான், ஆனால் வேறு சொல். 'லிண்டுங்' என்பதற்கு மறைவு, ஒதுங்கிடம், காப்பு என்று பொருள். மழைக்கு ஒதுங்குவதும் 'பெர்லிண்டுங்'தான். ஆகவே டானாவ் லிண்டுங் என்பதில் ஏரியைக் காப்பது, மீன் ஒதுங்கும் ஏரி என இரண்டு பொருளும் ஒலிக்கின்றன.

நடைமுறைக்குப் பொருந்துவது இரண்டாவது பொருள். செண்டாரும் பகுதியில் நீர்மட்டம் ஆண்டுக்குள் 10 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். கோடையில் பல ஏரிகள் வற்றிச் சேறாகிவிட, மீன்களெல்லாம் ஆழமான சில நீர்நிலைகளில் வந்து குவியும். அங்கே வலை போட்டால் ஒரே வாரத்தில் தாய்மீன் முழுவதும் போய்விடும். அதனால்தான் கோடையிலும் வற்றாத ஏரியைத் தேர்ந்து காப்பில் வைக்கிறார்கள். மழை வந்து ஆறு ஏறியதும் அதே மீன்கள் வெள்ளக்காட்டுக்குள் பரவி முட்டையிடும். பலன் சுற்றியுள்ள ஏரிகளுக்கெல்லாம் போகும்.

விதி ஊருக்கு ஊர் மாறும். முழுத்தடையும் உண்டு, தூண்டில் மட்டும் போடலாம் என்பதும் உண்டு, ஆண்டுக்கு ஒருநாள் ஊர்கூடிப் பிடிப்பதும் உண்டு. மின்சாரம், நஞ்சு, சிறுகண் வலை மூன்றும் கூடாது. 'துபா' என்னும் கொடிவேரை இடித்துக் கலக்கி மீனை மயக்குவது இபான் மக்களின் பழைய கூட்டு மீன்பிடிப்பு முறைதான். காப்பு ஏரியில் அதற்கும் இடமில்லை. மீறினால் வழமைப்படி தண்டம். பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் நெடுவீட்டின் தலைவரான 'துவாய் ரூமா' விசாரிப்பார். தீராவிட்டால் வழக்கு அவருக்கு மேலுள்ள வழமைத் தலைவரான 'தெமெங்குங்' வரை போகும்.

காப்பு உடைவது பெரும்பாலும் விலையால்தான். சிலுக் என்னும் செவ்வரவானா நல்ல விலை போகும் அழகுமீன்; அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ளது. ஆண்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயில் வைத்து வாரக்கணக்கில் காக்கும். குஞ்சுக்காக அந்த ஆணைப் பிடித்தால் ஒரு தலைமுறையே போயிற்று. தோமான் (விரால் இனம்) கூண்டு வளர்ப்பும் தொல்லைதான்: அதற்குத் தீனி பொடிமீன், பொடிமீனுக்குச் சிறுகண் வலை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சரணாலயம்' பொருந்தாது, அது அரசு அறிவிப்பது, அங்கே ஊர்கூடி மீன் பிடிக்க முடியாது. 'பாதுகாக்கப்பட்ட ஏரி' பொருளில் பிழையில்லை, ஆனால் யார் பாதுகாத்தார் என்று சொல்லாத மொட்டைத் தொடர். இந்தோனேசிய 'ஹுத்தான் லிண்டுங்'குக்கு இணையாக நம்மிடம் 'காப்புக்காடு' இருக்கிறது. அந்த வழியில் காப்பு + ஏரி = காப்பேரி. திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் ஊரே சில கட்டுப்பாடுகளை ஏற்கிறதல்லவா, அந்தப் பொருளும் இதில் கூடவே வருகிறது. (கப்புவாஸ் ஆற்றின் பெயருக்கும் இந்தக் காப்புக்கும் தொடர்பில்லை, யாரும் முடிச்சுப் போட வேண்டாம்.)

ஓர் எச்சரிக்கை: தமிழ்நாட்டில் ஏரி என்றதும் கரை கட்டிய பாசன ஏரிதான் நினைவுக்கு வரும். இவையோ இயற்கையான வெள்ளச்சமவெளி ஏரிகள், ஆறு விட்டுச்சென்ற குதிரைக் குளம்பு ஏரிகள். முதல்முறை எழுதும்போது அதைக் குறிப்பிட்டுவிட வேண்டும். ஊர் மரபுச் சட்டத்தைக் குறிக்கும் இந்தோனேசியச் சொல்லான 'அடாட்' என்பதற்கு 'வழமை' போதும். யாழ்ப்பாணத்துத் தேசவழமை 1707-இல் தொகுக்கப்பட்ட காலத்திலிருந்தே அந்தச் சொல்லுக்குச் சட்டப் பொருள் உண்டு. அரசு அறிவித்த ஏரியிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் 'ஊர்க்காப்பேரி' என்று எழுதலாம்.