பிரிஞ்சால் ஊர் சுற்றிய கதை

லண்டனில் ஒரு காய்கறிக் கடையில் 'பிரிஞ்சால்' என்று கேட்டால் பெரும்பாலும் விழிப்பார்கள். அங்கே கத்தரிக்காய் 'ஓபர்ஜீன்'. அமெரிக்காவிலோ 'எக்பிளான்ட்'. இந்தக் கடைசிப் பெயரில் புதிர் எதுவும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் பார்த்த சில வகைகள் முட்டை மாதிரியே வெள்ளையாகக் காய்த்தன, அவ்வளவுதான். வேடிக்கை மற்ற இரண்டில் இருக்கிறது. ஓபர்ஜீனும் பிரிஞ்சாலும் ஒரே சொல்!

சமஸ்கிருதத்தில் கத்தரிக்கு 'வாதிங்கண' என்று ஒரு பெயர். பாரசீகத்தில் சொல் முதல் 'வ', 'ப' ஆவது வழக்கம். காற்றைக் குறிக்கும் 'வாத' அங்கே 'பாத்' ஆனது போல. அப்படி வாதிங்கண 'பாதிங்கான்' ஆயிற்று. அடுத்தது அரபு. 'தங்கம்' என்னும்போது நாம் சொல்லும் மெல்லோசைக் 'க' செவ்வியல் அரபில் கிடையாது. பாரசீகச் சொற்களைக் கடன் வாங்கும்போது அந்த இடத்தில் 'ஜ' போட்டுக்கொண்டார்கள். ஆக, 'பாதின்ஜான்'.

அரபுகளோடு காயும் பெயரும் ஸ்பெயினுக்குப் போயின. அங்கேதான் பாதை பிரிகிறது. அரபியர் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'அல்' சேர்ப்பார்கள். ஸ்பெயினின் கிழக்குப் பகுதியில் கட்டலான் மொழி பேசுபவர்கள் அதையும் சொல்லின் பகுதியாகவே எடுத்துக்கொண்டு 'அல்பெர்ஜீனியா' என்றார்கள். பிரெஞ்சுக்காரர் வாயில் அது ஓபர்ஜீன். போர்த்துகீசியர் 'அல்' இல்லாமல் 'பெரிஞ்செலா' என்றார்கள். அவர்கள் கப்பலேறி இந்தியா வர, இங்கே வணிகம் செய்த ஆங்கிலேயர் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். அதுதான் பிரிஞ்சால். மேற்கிந்தியத் தீவுகளில் இதையே 'பிரௌன் ஜாலி' ஆக்கிவிட்டார்கள். எனக்குப் பிடித்த திரிபு இதுதான்.

புரியாத சொல்லுக்குப் புரிகிற பொருளை ஏற்றுவது மனிதர் பழக்கம். இத்தாலியில் இதே சொல்லின் திரிபான 'மெலன்சானா' என்ற பெயரை 'மேலா இன்சானா', அதாவது பைத்தியக்கார ஆப்பிள், என்று பிரித்துப் படித்தார்கள். கத்தரிக் குடும்பத்தில் நச்சுச் செடிகளும் உண்டு என்பதால் பயத்துக்கு அந்தப் பொருள் வசதியாகப் போயிற்று. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வைத்த 'சொலானம் மெலோன்ஜினா' என்ற அறிவியல் பெயரும் இதே கிளைதான்.

சரி, வாதிங்கண எங்கிருந்து வந்தது? அது திராவிட மொழிகளிடம் வாங்கிய கடன் என்று கருதும் மொழியியலாளர்கள் உண்டு. தமிழில் கத்தரியின் பழைய பெயர் வழுதுணை. ஒளவையார் தனிப்பாடலில் 'வழுதுணங்காய் வாட்டு' வருகிறது. தெலுங்கில் வங்காய. தமிழில் இன்று நிகண்டுகளோடு ஒதுங்கிவிட்ட வழுதுணை, மலையாளத்தில் 'வழுதன' என்ற பெயரில் இன்னும் சந்தைக்கு வருகிறது.